கல்யாணம் முடியும்வரை ஒரு வேலை

மகனே,

‘ராசா’ என்று தொடங்கத்தான் கை போனது. கோபமாக இருப்பவள் அப்படித் தொடங்கினால் நீ முதல் வரியிலேயே சிரித்துவிடுவாய் என்று நிறுத்திக்கொண்டேன். இது சிரித்துக்கொண்டு படிக்கிற கடிதம் இல்லை. போனிலேயே சொல்லலாம்தான். முந்தாநாள் சொல்லிப் பார்த்தேன். ‘சரிம்மா, சரிம்மா, சூப்பர்வைசர் கூப்பிடுறாரு’ என்று வைத்துவிட்டாய். அதனால்தான் எழுதுகிறேன். நாளைக்குக் கோயம்புத்தூருக்குத் திராட்சை லோடு ஏற்றிப் போகிற நம் ஊர் டிரைவர் கையில் இதைக் கொடுத்து, உன் ரூம் வாசலில் நின்று உன்னிடமே கொடுத்துவிட்டு எனக்குப் போன் பண்ணச் சொல்லியிருக்கிறேன். வரவில்லை, பார்க்கவில்லை என்று நீ தப்பிக்க முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த வாரம் நந்தினி எனக்குப் போன் செய்தாள். நிச்சயம் முடிந்ததிலிருந்து அந்தப் பெண் அடிக்கடி பேசுகிறாள். உன்னிடம் பேசுவதைவிட என்னிடம் கூச்சமில்லாமல் பேசுகிறாள் என்று நினைக்கிறேன். தேனியில் ஒரு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் டெக்னீஷியனாக இருக்கிறாள் என்பது உனக்குத் தெரியும். அது என்ன வேலை என்று நீ ஒரு நாளாவது கேட்டாயா என்பது எனக்குத் தெரியாது. நான் கேட்டேன். கிட்னி பழுதானவர்களின் ரத்தத்தை மிஷினில் விட்டுச் சுத்தம் செய்து திரும்ப உடம்புக்குள் அனுப்புகிற வேலை. ஊசி குத்துகிற கை நிதானமாக இல்லாவிட்டால் அவர்களுக்கு உயிர் போகிற வலியாம். வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆன ஒருவர், இவள் டூட்டியில் இருக்கிற நாளாகக் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் ஆஸ்பத்திரிக்கே வருவாராம். அந்தப் பிரிவைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பை இவளிடமே கொடுக்கலாம் என்று அங்கே பேச்சு நடக்கிறது. இதையெல்லாம் பெருமையாகச் சொல்லிவிட்டு, அதே மூச்சில் சொன்னாள்: “அத்தை, கோயம்புத்தூர்ல ஒரு ஆஸ்பத்திரியில வேலை கெடச்சிருச்சு. திங்கக்கெழம இங்கன வேலைய விடுறேன்னு எழுதிக் குடுத்துருவேன். அங்கன ரெண்டு வருஷத்துக்கு அக்ரிமென்ட் போடணுமாம். ஒரிஜினல் சர்டிபிகேட்டெல்லாம் வாங்கி வச்சுக்கிருவாகளாம். அவரு அங்கனதான இருக்காரு, அதனால ஒண்ணும் இல்ல.”

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. தோட்டத்தை விட்டுவிட்டு நீ பம்ப் கம்பெனிக்குப் போனது எனக்கு உறுத்தலாகத்தான் இருந்தது. ஆனாலும், ‘ஒரு மாறுதலுக்குப் போய்ப் பாக்குறேம்மா, புடிச்சா அங்கனயே இருந்துருவேன்’ என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னாய். நம்பினேன். மருமகளுக்கும் அந்த ஊரிலேயே வேலை கிடைத்துவிட்டது என்றதும் வீட்டில் உட்கார முடியவில்லை. தோட்டத்துக்குப் போய், திராட்சைப் பந்தலுக்கு அடியில் மருந்தடிக்கிற ஹோஸைச் சுருட்டிக்கொண்டிருந்த உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

“அந்தப் புள்ள எதுக்கு வேலைய விடுது? தை பெறக்கவும் கவாத்துக்கு இவனே இங்கன வந்துருவானே.”

என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டேன். கல்யாணம் முடியும்வரைதான் அந்த வேலை, என் தம்பி, அதுதான் உன் மாமன், என்னிடம் சொல்லவில்லையா என்று என்னையே திருப்பிக் கேட்டார். என் தம்பிக்குத் தெரிந்திருக்கிறது. உன் அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தக் கம்பெனியில் உனக்கு இடம் வாங்கிக் கொடுத்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது. உனக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரிந்திருக்கிறது. இந்த வீட்டில் இத்தனை வருஷமாகச் சமைத்துப் போடுகிறவளுக்கும், இந்த வீட்டுக்கு வரப்போகிறவளுக்கும் மட்டும் தெரியவில்லை. கோயம்புத்தூருக்குக் கிளம்புவதற்கு முந்தின வாரம் புதுப் பந்தலுக்குக் கல்தூண் சொல்லி அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போனாயே, அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஊரை விட்டுப் போகிறவன் எவனாவது பந்தலுக்குக் கல் சொல்வானா?

உடனே உன்னைக் கூப்பிட்டுக் கேட்டேன். நீ என்ன சொன்னாய்? ‘அப்புறம் சொல்லிக்கலாம்மா.’ எப்போதப்பா அந்த அப்புறம்? அவள் தேனியில் எழுதிக் கொடுத்த பிறகா, சர்டிபிகேட்டைக் கொண்டுபோய்க் கோயம்புத்தூரில் ஒப்படைத்த பிறகா, தாலி ஏறிய பிறகா? தை மாசம் நீ பெட்டியைக் கட்டிக்கொண்டு நம் கூடலூருக்குப் பஸ் ஏறுவாய். அவள் ஏற முடியாது. இரண்டு வருஷம் அங்கே கையெழுத்துப் போட்டுக் கட்டுப்பட்டிருப்பாள். புருஷன் ஒரு ஊரில் பொண்டாட்டி ஒரு ஊரிலா என்று அவளைத்தான் கேட்பார்கள். உன்னை ஒருவரும் கேட்க மாட்டார்கள். நான்கு பேர் நான்கு விதமாகப் பேசி, அவளை அந்த வேலையையும் விட வைத்து இங்கே கூட்டிவந்து உட்கார வைப்பார்கள். தேனியில் அவள் இருந்த இடத்தில் அதற்குள் வேறொரு பெண் இருப்பாள். ஊசி குத்தத் தெரிந்த கையை வைத்துக்கொண்டு அவள் நம் வீட்டில் உனக்குத் தோசை சுட்டுக்கொண்டிருப்பாள். இதற்குப் பேர் கல்யாணமா?

ஊரில் நடக்காததா என்று உன் அப்பா சொல்கிறார். நடக்கிறதுதான். நம் தெருவிலேயே ஒருவன் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறேன் என்று சொல்லி உத்தமபாளையத்துப் பெண்ணைக் கட்டினான். மறுவருஷம் ஆடிக்குள் வாழைத் தோப்பில் நின்றான். இன்னொருவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் மேனேஜர் என்று பத்திரிகையிலேயே போட்டான். போட்டோ எடுத்துக்கொள்ள ஒரு கம்பெனி, பிழைக்க ஒரு தோட்டம் என்று இந்தப் பள்ளத்தாக்கே பழகிக்கொண்டுவிட்டது. கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு கம்பெனி கேட்டுக்கு முன்னால் நின்று நீயும் ஒரு போட்டோ அனுப்பினாய். உன் அப்பா அதை டீக்கடைவரை கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தார். எல்லாரும் செய்கிறார்கள் என்பதால் அது சரியாகிவிடுமா? எல்லாரும் செய்கிற காரியத்தில் ஏமாறுகிறவள் மட்டும் ஒவ்வொரு தடவையும் தனியாகத்தானே ஏமாறுகிறாள்.

உன்மேல் மட்டும் எனக்குக் கோபம் இல்லை. உன்னை இந்த இடத்துக்குத் தள்ளியவர்கள்மேலும் இருக்கிறது. சின்னமனூரில் நாம் பெண் பார்க்கப் போன வீட்டை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். கேசரி கொடுத்தார்கள், வடை கொடுத்தார்கள். எத்தனை ஏக்கர், கிணறா போரா, வங்கிக் கடன் உண்டா என்று பெண்ணின் பெரியப்பா துருவித் துருவிக் கேட்டார். எல்லாவற்றுக்கும் நீ நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொன்னாய். கடைசியில் அவர் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: “மாப்ள என்ன பண்றாப்ல?”

திராட்சைத் தோட்டம் என்று உன் அப்பா சொன்னார்.

“அது சரிங்க. வேலை?”

நீ தலையைக் குனிந்துகொண்டாய். விடிவதற்கு முன்னால் எழுந்து, மழை வந்தால் பதறி, வெயில் வந்தால் பதறி, ஒவ்வொரு குலையாக நிமிர்த்திப் பார்க்கிற உன்னைப் பார்த்து அந்த மனிதர் வேலை என்ன என்று கேட்டார். அவர் வீட்டுத் தாம்பாளத்தில் வைத்திருந்த பன்னீர் திராட்சை எவன் வேலை பார்க்காமல் வந்தது? அன்றைக்கே நான் வாயைத் திறந்து கேட்டிருப்பேன். உன் அப்பா என் முழங்கையைத் தொட்டு அடக்கினார். பெண் வீட்டாரிடம் நாம் சண்டை போட்டோம் என்று பேர் வந்துவிடுமாம். வெறும் கையோடு திரும்பி வந்தோம். அதற்குப் பிறகும் இரண்டு இடம் அப்படியே தட்டிப்போனது.

நந்தினியின் அப்பா மட்டும் என்ன உசத்தி? குச்சனூரில் நெல் போடுகிற மனிதர். பிறந்ததிலிருந்து சேற்றில் நின்றவர். அவரே, ‘வெவசாயிக்குப் பொண்ணு குடுக்குறதா இல்ல’ என்று தரகரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். தன் தொழிலைத் தானே கேவலமாக நினைக்கிற அளவுக்கு ஒரு மனிதனை இந்தக் காலம் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. அவருக்கும் சேர்த்துத்தான் எனக்கு வயிறு எரிகிறது. ஆனால் அவர் அப்படிச் சொன்னார் என்பதற்காக அவர் மகளை ஏமாற்றலாம் என்று உனக்கு யார் சொன்னது? உனக்கு அவமானம் செய்தது அப்பன்மார்கள். தண்டனை மட்டும் அந்தப் பெண்ணுக்கா?

எனக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்றால், நீ வேலை தேர்ந்தெடுக்கத் தெரியாதவன் இல்லை. பன்னிரண்டாவது முடித்தபோது நாம் எப்படித் தேர்ந்தெடுத்தோம் என்று நினைத்துப் பார். உன் மாமன் ஒரு பக்கம், டியூஷன் வாத்தியார் ஒரு பக்கம், கல்யாணத்தில் இரண்டு தடவை பார்த்த சொந்தக்காரர்கள் ஒரு பக்கம் என்று வீடு நிறைய ஆள் உட்கார்ந்து பேசினார்கள். உனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டவர் ஒருவரும் இல்லை. கடைசியில் எதை வைத்து முடிவு செய்தோம்? அந்தக் காலேஜ் பஸ் நம் தெருமுனைவரை வருகிறது என்பதை வைத்து. நான்கு வருஷப் படிப்பை, அதற்குப் பிறகு நாற்பது வருஷப் பிழைப்பை, பஸ் வருகிற வழியைப் பார்த்து முடிவு செய்த ஜனங்கள் நாங்கள். மெக்கானிக்கலா சிவிலா என்பதைக்கூட, பக்கத்து வீட்டுப் பையன் மெக்கானிக்கல், புத்தகம் இரவல் கிடைக்கும் என்றுதான் எழுதினோம். நீயும் படித்தாய், பாஸ் செய்தாய், சென்னையில் வேலைக்கும் போனாய்.

அங்கே போய் இரண்டு வருஷத்தில் நீ செய்த காரியம்தான் உன் வாழ்க்கையிலேயே உருப்படியான காரியம். வேலை பிடிக்கவில்லை என்று ஒரே நாளில் தூக்கிப் போட்டுவிட்டு வரவில்லை. தொடர்ந்தாற்போல லீவு வந்தால் ஊருக்கு வந்தாய். சுருளிப்பட்டிப் பக்கம் போய், திராட்சை போட்டு நஷ்டப்பட்டவர்களிடமும் உட்கார்ந்து பேசினாய், லாபம் பார்த்தவர்களிடமும் பேசினாய். அப்பாவிடம் ஒரு மூலையை மட்டும் கேட்டு வாங்கி, சொட்டுநீர் போட்டு, சென்னையிலிருந்து போனிலேயே விரட்டி விரட்டி வேலை வாங்கினாய். முதல் காய்ப்பு அழுகல் நோயில் போனது. அப்போதும் வேலையை விடவில்லை. அடுத்த காய்ப்பு நல்லபடியாக விளைந்து, அதைக் கேரளாவிலிருந்து வந்த வியாபாரிக்குத் தரகர் இல்லாமல் நேராகக் கொடுத்த பிறகுதான் கம்பெனியில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாய். படித்தவன் மண்வெட்டி பிடிக்கிறான் என்று ஊரே சிரித்தது. உன் அப்பா உன்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்போது நான் உன் பக்கம் நின்றேன். ஏன் தெரியுமா? நீ ஆசையில் குதிக்கவில்லை. பார்த்து, கேட்டு, செய்து பார்த்து, அதற்குப் பிறகு முடிவு செய்தாய். தன் பிழைப்பை அப்படி முடிவு செய்த ஒருவனை நான் நம் சொந்தத்தில் அதுவரை பார்த்ததில்லை.

அப்படி முடிவு செய்தவன்தான் இன்றைக்கு இந்தக் காரியத்தைச் செய்கிறான். நீ செய்து பார்க்காமல் சென்னை வேலையை விடவில்லை. அவளை மட்டும் தெரியாமலே விடச் சொல்கிறாய். நம் கூடலூரில் விடிகிற நேரத்தில் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போக ஜீப் வந்து நிற்கிறதே, அதில் ஏறுகிற பெண்களைக் கவனித்திருக்கிறாயா? எந்தத் தோட்டம், களையெடுப்பா, காய் எடுப்பா, சாயங்காலம் எத்தனை மணிக்கு இறக்கிவிடுவாய் என்று கேட்காமல் ஒருத்தி ஏற மாட்டாள். ஒரு நாள் கூலி வேலைக்கே அப்படிக் கேட்டுத்தான் ஏறுகிறார்கள். ஒருத்தி தன் முழு வாழ்க்கைக்கும் ஏறுகிறாள், அவளிடம் இடத்தை மாற்றிச் சொல்லி ஏற்றுகிறீர்கள் நீயும் உன் மாமனும்.

இந்த விஷயம் என்னைச் சுடுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அது உனக்கு முழுதாகத் தெரியாது. நான் கல்யாணத்துக்கு முன்னால் போடியில் ஓர் ஏலக்காய் வியாபாரியின் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தேன் என்பது உனக்குத் தெரியும். ‘அம்மாவுக்கு டைப் தெரியும்’ என்று சின்ன வயதில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிவாய். நான் வெறுமனே சொன்னதை அடித்துக்கொடுக்கிறவளாக இல்லை. வடக்கே சரக்கு வாங்குகிறவர்களுக்கு என்ன எழுத வேண்டும் என்று முதலாளி ஒரு வரி சொல்வார். தமிழிலானாலும் இங்கிலீஷிலானாலும் மீதி முழுவதையும் நானே எழுதி, அடித்து, கையெழுத்துக்கு வைப்பேன். அவர் வாசிக்காமலே கையெழுத்துப் போடுவார். அந்த ஆபீசில் என் நாற்காலியில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். உன் அப்பாவைப் பேசி முடிக்க வந்தபோது, மாப்பிள்ளை போடியில் உரக்கடை வைக்கப் போகிறார், குடித்தனம் அங்கேயேதான், பெண் வேலையை விட வேண்டியதில்லை என்று பெரியவர்கள் சொன்னார்கள். அதைக் கேட்டுத்தான் நான் தலையாட்டினேன். கல்யாணத்துக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். மேஜை டிராயரில் என் டிபன் பாக்ஸைக்கூட வைத்துவிட்டுத்தான் வந்தேன். திரும்பிப் போகப் போகிறவள் அதை எதற்குத் தூக்கிக்கொண்டு வர வேண்டும்?

உரக்கடை வரவேயில்லை. அடுத்த மாசம், அறுப்பு முடியட்டும், பெரியவருக்கு உடம்பு சரியாகட்டும் என்று தள்ளிக்கொண்டே போனார்கள். லீவை நீட்டச் சொல்லி முதலாளிக்கு நான் எழுதினேன். அவரும் பொறுத்துப் பார்த்தார். பிறகு ஒரு நாள் கம்பம் பஸ்ஸின் கண்டக்டர் ஒருவர் வீடு விசாரித்து வந்து என் டிபன் பாக்ஸைக் கொடுத்துவிட்டுப் போனார். கழுவித் துடைத்து, மஞ்சப்பையில் போட்டு, மரியாதையாகத்தான் அனுப்பியிருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. உன் அப்பாவிடம் இந்த வாரம் அதை நினைவுபடுத்தினேன். அவருக்கு முகம் சுருங்கிப்போனது.

“போடியில கட வைக்கணும்னுதான் நெனச்சேன். தோதுப்படல. நான் என்ன வேணும்னா பண்ணேன்?”

வேண்டுமென்று செய்யவில்லை என்பதை நான் நம்புகிறேன். அவர் மோசமான மனிதர் இல்லை. ஆனால் தோதுப்படாது என்று அவருக்கு எந்த நாளில் தெரிந்ததோ, அந்த நாளில் என்னிடம் சொல்லவில்லை. கல்யாணத்துக்கு முன்னாலேயே தெரிந்திருந்ததா என்று இத்தனை வருஷத்தில் நான் கேட்டதில்லை. இந்த வாரம் கேட்டேன். அவர் எழுந்து மோட்டார் போடப் போய்விட்டார். நான் இங்கே அழுதுகொண்டு வாழவில்லை. இந்தத் தோட்டம் எனக்குப் பிடித்துப்போனது. பந்தலுக்கு அடியில் நின்றால் எனக்கு இன்றைக்கும் மனசு நிறைகிறது. ஆனால் பிடித்துப்போனது வேறு, என்னைக் கேட்டுக்கொண்டு செய்தது வேறு. கேட்டிருந்தால் நானே சரி என்று சொல்லியிருக்கலாம். சொல்கிற அந்த உரிமையைத்தான் எடுத்துக்கொண்டார்கள். அதே வீட்டிலிருந்து, நான் பெற்ற பிள்ளையே இன்னொருத்திக்கு அதையே செய்யப்போகிறான் என்றால் நான் எப்படிச் சும்மா இருப்பேன்?

உண்மையைச் சொன்னால் கல்யாணம் நின்றுவிடும் என்று பயப்படுகிறாய். நிற்கலாம். இல்லை என்று நான் உனக்கு ஆறுதல் சொல்லப்போவதில்லை. ஆனால் நீ ஒரு நாளாவது கணக்காக உட்கார்ந்து யோசித்தாயா? கல்தூணுக்கு எத்தனை அடி இடைவெளி என்று இரண்டு நாள் கயிறு பிடித்துப் பார்த்தவன்தானே நீ. இதையும் கொஞ்சம் அளந்து பார்த்திருக்கலாம். சின்னமனூரில் ஒரு வீடு பிடித்தால் அவள் தேனிக்குப் பஸ்ஸில் போய் வரலாம், நீ தோட்டத்துக்கு வண்டியில் வந்துபோகலாம். இரண்டு பேருக்கும் நடுவாந்திரமான ஊர். மருந்தடிக்கிற நாளிலும் காய் வெட்டுகிற நாளிலும் நீ இங்கே தங்கிக்கொள். அவள் அம்மா வீடும் அங்கிருந்து பக்கம்தான். அவள் வேலையை விட வேண்டாம், நீயும் விட வேண்டாம், ஒருவரும் பொய் சொல்ல வேண்டாம். எனக்கு ஒரு மத்தியானத்தில் தோன்றியது உங்கள் மூன்று ஆம்பளைகளுக்கும் ஏன் தோன்றவில்லை? அவள் வேலையும் ஒரு வேலை என்று உங்கள் கணக்கிலேயே வரவில்லை. சின்னமனூரில் அந்தப் பெரியப்பா உன்னைக் கேட்டாரே, அதற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

‘எனக்கு வேற வழி தெரியலம்மா’ என்று நீ போனை வைக்கும்போது முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. முப்பது வயது நெருங்குகிறது, பார்த்த இடமெல்லாம் தட்டிப்போகிறது, கூடப் படித்தவன் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுகிறான். உனக்கு வலிக்கிறது என்பது தாயான எனக்குத் தெரியாதா? ஆனால் அந்த வலிக்கு மருந்து அவள் வாழ்க்கை இல்லை. நீ தோட்டக்காரன் என்பதை ஒருத்தியிடம் மறைத்துத்தான் அவளைக் கட்ட முடியும் என்றால், நீயே உன் வேலையைக் கேவலம் என்று ஒத்துக்கொள்கிறாய். ஊரே சிரித்தபோது குனியாத தலையை இப்போது நீயே குனிந்துகொள்கிறாய். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். இன்று காலையில் நந்தினிக்குப் போன் செய்தேன். திங்கட்கிழமை எழுதிக் கொடுக்காதே, கொஞ்சம் பொறு என்றேன். பதறிப்போனாள். ஏதாவது பிரச்சனையா என்று கேட்டாள். “பிரச்சன இல்ல தாயி. எம்மகன் ஒங்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும். அதைக் கேட்டுக்கிட்டு எழுதிக் குடு, இல்ல குடுக்காம இரு. அது ஒன் இஷ்டம்” என்றேன். என்ன விஷயம் என்று கேட்டாள். அவன் வாயாலேயே கேட்டுக்கொள் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பதற்காக இல்லை. அதைச் சொல்ல வேண்டியவன் நீ. அவள் மெதுவாகக் கேட்டாள்.

“கல்யாணத்துக்கு அப்புறம் என்னைய வேலைக்கே போக வேணாம்னு சொல்லப்போறாரா அத்தை?”

ஆயிரம் விஷயம் இருக்க, அவளுக்கு முதலில் தோன்றிய பயம் அது. அது இல்லை, கண்டிப்பாக அது இல்லை என்றேன். அவள் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. “அப்பச் சரி. வேற எதுன்னாலும் பேசிக்கிரலாம்” என்றாள்.

உனக்கு இதைவிட என்ன வேண்டும்? அப்பன்மார்கள் ஒருவரும் சொல்லாத வார்த்தையை, பேசிக்கொள்ளலாம் என்பதை, அவள் சொல்லியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு டூட்டி இல்லை, குச்சனூரில் வீட்டில்தான் இருப்பாள். லீவு கிடைக்கவில்லை என்று எனக்குச் சொல்லாதே. எப்படியும் விடப்போகிற வேலைக்கு லீவு எதற்கு? நம் வீட்டுக்கு வராதே, உன் மாமனைக் கூட்டிக்கொள்ளாதே. சின்னமனூரில் இறங்கி நேராகப் போ. அவள் அப்பாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, நான் திராட்சை விவசாயி, சாகிறவரை அதுதான் என் வேலை என்று சொல். வேண்டாம் என்று அவர்கள் சொல்லிவிட்டால் அங்கிருந்து வீட்டுக்கு வா, ராத்திரிக்கு உனக்குப் பிடித்ததைச் சமைத்து வைத்திருக்கிறேன். நீ போகவில்லை என்றால் திங்கட்கிழமை அவள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்குள் நான் குச்சனூரில் இருப்பேன்.

அம்மா